கொங்கு நாட்டில் பழைய ஜப்பான் கார்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய ஜென், எஸ்டீம், சிட்டி, லான்சர் என்று ஏதாவது ஒன்றை வைத்துக்கொண்டு பெட்ரோல் பங்கில் நின்றால் போதும், "ஏனுங்ணா, இன்னும் இதெல்லாம் ஓடுதா?" என்று ஆரம்பித்து வரிசையாகக் கேள்வி வரும். கோவை, திருப்பூர், ஈரோடு, பொள்ளாச்சி பக்கம் திரும்பத் திரும்பக் கேட்கப்படுபவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார் என்றால் ஸ்கைலைன், ஆர்.எக்ஸ்-7 தானே? ஜென்னையும் எஸ்டீமையும் அதில் சேர்ப்பது நியாயமா?

உலகம் கொண்டாடும் பட்டியல் வேறுதான். 1969-ல் வந்த டட்சன் 240இசட், 1983-ல் வந்த டொயோட்டா கொரோலா ஏஇ86, 1989-ல் ஒரே ஆண்டில் வந்த மாஸ்டா எம்எக்ஸ்-5, நிசான் ஸ்கைலைன் ஆர்32 ஜி.டி.ஆர், அடுத்த ஆண்டு வந்த ஹோண்டா என்.எஸ்.எக்ஸ். இவை எதுவும் நம் ஷோரூம்களில் விற்கப்படவில்லை. நம் தெருவில் நின்றவை 1993-ல் வந்த மாருதி ஜென், 1994-ல் எஸ்டீம், 1998-ல் ஹோண்டா சிட்டி, அதே ஆண்டு மிட்சுபிஷி லான்சர், அடுத்த ஆண்டு பலேனோ.

ஆனால் ஏஇ86-ஐயோ எம்எக்ஸ்-5-ஐயோ ஏன் கொண்டாடுகிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். பெரிய எஞ்ஜினுக்காக இல்லை. எடை குறைவு, ஸ்டீரிங் கைக்குப் பேசும், எஞ்ஜின் சந்தோஷமாக மேலே சுற்றும். ஜென் 800 கிலோவுக்குள் அடங்கும், எஞ்ஜின் முழுக்க அலுமினியம், 993 சிசி. சுற்றிவிட்டால் அதுவும் இதே குணம்தான். முன்சக்கர இழுவை என்பது ஒன்றுதான் வித்தியாசம். ஸ்போர்ட்ஸ் கார் என்ற பட்டம் வேண்டாமென்றால் விட்டுவிடலாம். ஓட்டுகிற சுகத்துக்குப் பட்டம் எதற்கு?

ஜப்பானிலிருந்தே ஒரு பழைய காரை வரவழைக்க முடியாதா? அங்கேயும் வலதுபக்க ஸ்டீரிங்தானே?

முடியாது. நம் இறக்குமதி விதிப்படி, பயன்படுத்திய காரென்றால் அது உற்பத்தியாகி மூன்று ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. 1990-களின் கார் இந்த வாசலிலேயே நின்றுவிடும். "பேப்பர் எல்லாம் பார்த்துக்கலாம்" என்று யாராவது சொன்னால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள். பேப்பர் சரியில்லாத காரை ஓட்டவும் முடியாது, விற்கவும் முடியாது, தைரியமாகத் தெருவில் நிறுத்தவும் முடியாது.

அப்படியானால் முதல் காராக எதை எடுக்கலாம்?

முதல்முறை என்றால் ஜென் அல்லது எஸ்டீம். கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். எந்த ஊர் மெக்கானிக்குக்கும் கை பழகிய எஞ்ஜின், உதிரிபாகம் இன்னும் கிடைக்கிறது, தப்பாகக் கழற்றினாலும் திரும்ப மாட்டலாம். ஜென்னில் மிகுனி கார்புரேட்டர் வைத்த ஆரம்பகால வண்டி 50 குதிரைத்திறன். பின்னால் வந்த எம்.பி.எஃப்.ஐ. (கார்புரேட்டருக்குப் பதில் பெட்ரோலைப் பீய்ச்சிக் கொடுக்கும் முறை) 60. எஸ்டீமில் 1.3 லிட்டர், 16 வால்வு வந்த பிறகு 85. எஸ்டீம் என்பது சுசூகி கல்டஸ் செடான். வெளிநாடுகளில் ஸ்விஃப்ட் என்ற பெயரிலும் ஓடியது. ஜென் இங்கிருந்து ஐரோப்பாவுக்கு ஆல்டோ என்ற பெயரில் போனது. பாகம் தேடும்போது இந்தப் பெயர்கள் உதவும்.

ஹோண்டா சிட்டி இரண்டாவது காராக இருக்கட்டும். 2000-ல் வந்த 1.5 வி-டெக், 106 குதிரைத்திறன். கோவை இளவட்டங்கள் இன்னும் இதற்காகத்தான் அலைகிறார்கள். வி-டெக் என்றால் இதுதான்: ஒவ்வொரு சிலிண்டருக்கும் வால்வைத் திறக்கிற சாதுவான கேம் மேடுகளோடு முரட்டு மேடு ஒன்றும் உண்டு. ஆர்.பி.எம். ஏறியதும் ஆயில் அழுத்தம் ஒரு பின்னைத் தள்ளி ராக்கர்களைச் சேர்த்துப் பூட்டும். வால்வுகள் அதற்கப்புறம் முரட்டு மேட்டின் சொல்படி திறக்கும். எஞ்ஜின் சத்தமே மாறும். ஆக, ஆயில் மாற்றாமல் ஓட்டிய வண்டியில் இந்த வேடிக்கை முதலில் போய்விடும். டிப்ஸ்டிக்கைப் பார்க்காமல் வி-டெக் வாங்காதீர்கள். இன்னொரு தமாஷ்: இந்த சிட்டி தென்கிழக்கு ஆசியாவுக்காகவே வடிவமைத்தது. 1996-ல் தாய்லாந்தில் வந்தது, ஜப்பானில் விற்கப்படவே இல்லை. அதனால் பாகத்துக்குத் தாய்லாந்துதான் கதி.

லான்சர் அழகு. உலக ராலியில் டாமி மாக்கினென் 1996 முதல் 1999 வரை தொடர்ந்து நான்கு பட்டம் வென்ற லான்சர் எவல்யூஷன் ராலி கார்களோடு நெருங்கிய சொந்தம். ஆனால் நம்முடைய 1.5 பெட்ரோலில் அந்த வேகத்தை எதிர்பார்க்க வேண்டாம். பாகச் செலவும் கூடுதல். வீட்டில் ஏற்கெனவே ஒரு கார் ஓடிக்கொண்டிருந்தால் மட்டும் லான்சர் பக்கம் போங்கள்.

எங்கே தேடுவது, எப்போது வாங்குவது?

ஆடியில் தேடுங்கள். நம் பக்கம் ஆடியிலும் மார்கழியிலும் வண்டி வாங்க யாரும் முன்வர மாட்டார்கள். விற்கிறவர் இறங்கி வருவார். டோக்கன் போட்டுவிட்டு ஆவணியில் எடுத்துக்கொள்ளலாம், வீட்டுப் பெரியவர்களுக்கும் குறை இருக்காது.

கடலோர வண்டியை விட உள்நாட்டு வண்டி நல்லது. சென்னை, தூத்துக்குடி உப்புக்காற்றில் நின்ற தகரத்துக்கும் பல்லடத்தில் நின்ற தகரத்துக்கும் கீழே குனிந்து பார்த்தாலே வித்தியாசம் தெரியும். டெல்லியில் 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிக்கு ஓட்டத் தடை என்பதால் அங்கே மலிவாகக் கிடைக்கும். ஆனால் என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வாங்கி, இங்கே வரி கட்டி, தமிழ்நாட்டு எண் போட்டு முடிக்கும்போது மலிவு என்ற பேச்சே இருக்காது.

நல்ல வண்டிகள் விளம்பரத்தில் வருவதில்லை. ஓய்வுபெற்ற மில் அதிகாரி, பேங்க்காரர், டாக்டர் வீட்டு போர்ட்டிகோவில் உறை போட்டு நிற்கும். ஒறம்பரை வீட்டுக் கல்யாணத்துக்குப் போனால் நாலு பேரிடம் சொல்லி வையுங்கள். அதைவிட நல்ல விளம்பரம் இல்லை.

பார்க்கப் போகும்போது ஒரு சின்னக் காந்தத்தைத் துணியில் சுற்றி எடுத்துப் போங்கள். கதவின் அடி, ரன்னிங் போர்டு, வீல் ஆர்ச் மேல் வைத்துப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் தகரம் இல்லை, ஓட்டையை மறைக்கப் பூசிய பட்டிதான். ஃப்ளோர் மேட்டைத் தூக்குங்கள், ஸ்டெப்னி எடுத்துக் குழியைப் பாருங்கள், பேட்டரித் தட்டுக்கு அடியில் விரல் விடுங்கள். எஞ்ஜினைப் பிறகு பார்க்கலாம். எஞ்ஜினைச் செய்துவிடலாம், பாடி உளுத்துப் போயிருந்தால் பணத்துக்கு முடிவே இல்லை.

தோட்டத்துச் சாளையில் எங்கள் அப்பாரு ஓட்டிய ஜென் பல வருடமாக நிற்கிறது. பேட்டரி போட்டு ஸ்டார்ட் செய்யலாமா?

வேண்டாம் தம்பி, சாவியைத் தொடாதீர்கள். இந்தக் கேள்விக்குத்தான் நீளமாகப் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்ல எஞ்ஜின்கள் பல இந்த முதல் ஐந்து நிமிடத்தில்தான் கெடுகின்றன.

முதலில் எங்கே நின்றது என்று பாருங்கள். கட்டுத்தரைக்குப் பக்கமென்றால் மாட்டு மூத்திரத்தின் அமோனியா ஆவி செம்பு வயர், கனெக்டர் எல்லாவற்றையும் பச்சை பிடிக்க வைத்திருக்கும். தேங்காய் மட்டை அடுக்கிய கொட்டகை என்றால் எலி. ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்தால் நார் மெத்தை போட்டுக் குடும்பமே நடத்தியிருக்கும். அப்படியே ஸ்டார்ட் செய்தால் அந்த நார் முழுக்க எஞ்ஜினுக்குள் போகும். வயர் கடித்த இடம் கண்ணுக்குத் தெரியாது. பேட்டரி மாட்டியதும் புகை வந்தால்தான் தெரியும்.

வரிசை இதுதான். ஃபில்டர் பெட்டியையும் வயரிங்கையும் சுத்தம் செய்யுங்கள். ஸ்பார்க் பிளக் நான்கையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் கொஞ்சம் எஞ்ஜின் ஆயில் விட்டு இரவு முழுக்க விடுங்கள். மறுநாள் கிராங்க் புல்லி போல்ட்டில் ஸ்பேனர் போட்டுக் கையால் சுற்றுங்கள். சுற்றவில்லை என்றால் பலம் காட்ட வேண்டாம். மறுபடி ஆயில் விட்டுக் காத்திருங்கள். சுற்றினால் அடுத்து டைமிங் பெல்ட். பழைய பெல்ட் பார்க்க நன்றாக இருந்தாலும் மாற்றிவிடுங்கள். பெல்ட் அறுந்தால் வால்வில் பிஸ்டன் இடிக்கும் எஞ்ஜின்கள் உண்டு, ஹோண்டா அதில் ஒன்று.

டேங்கில் இருக்கும் பெட்ரோலை மோந்து பாருங்கள், வார்னிஷ் நாற்றம் அடிக்கும். முழுக்க இறக்கி, டேங்கைக் கழற்றிக் கழுவ வேண்டும். அப்புறம் ரேடியேட்டர். நம் ஊரில் பாதிப் பேர் போர்த் தண்ணீரை ஊற்றியே ஓட்டியிருப்பார்கள். அந்த உப்பு உள்ளே படிந்து குழாயை அடைத்திருக்கும், எஞ்ஜின் மேல்மூடியான அலுமினிய ஹெட்டைத் தின்றிருக்கும். கழுவிவிட்டு, காய்ச்சி வடித்த தண்ணீரில் கலந்த கூலன்ட் மட்டும் ஊற்றுங்கள். சிறுவாணித் தண்ணீர் உப்பில்லாத தண்ணீர்தான், அதற்காக ரேடியேட்டருக்கு ஊற்றச் சொல்லவில்லை.

எஞ்ஜின் ஓடினாலும் தெருவுக்கு எடுக்காதீர்கள். பிரேக் மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர் கப், ரப்பர் ஹோஸ், ஃப்ளூயிட் எல்லாம் புதிதாகப் போட்ட பிறகுதான் வண்டி வாசல் தாண்டலாம். டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும். 2314 என்றால் 2014-ன் 23-வது வாரம். தேயாமல் பட்டன் எவ்வளவு இருந்தாலும் அந்த டயர் குப்பைக்குத்தான்.

சிட்டி காலையில் ஒரே செல்ஃபில் ஸ்டார்ட் ஆகிறது. மத்தியானம் வெயிலில் நிறுத்திவிட்டு வந்தால் செல்ஃப் சுற்றுகிறது, பற்றவில்லை. பெட்ரோல் பம்ப் மாற்றியாகிவிட்டது. இன்னும் என்ன செய்வது?

பம்ப் மாற்றும் முன் ரிலேயைப் பார்த்திருக்கலாம். அந்தக் கால ஹோண்டாக்களில் பேர்போன கோளாறு இது. டேஷ்போர்டுக்கு அடியில் மெயின் ரிலே என்று ஒரு சின்னப் பெட்டி. உள்ளே சர்க்யூட் போர்டில் ஈயப் பற்று நாளாக நாளாக வட்டமாக வெடிக்கும். உள்ளே சூடேறினால் வெடிப்பு விலகும், மின்சாரம் நிற்கும், பம்புக்குக் கரண்ட் போகாது. ஏப்ரல் வெயிலில் மூடி நிறுத்திய காரென்றால் கேட்கவே வேண்டாம். கண்ணாடியை இறக்கிவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றால் ஸ்டார்ட் ஆகும்.

உறுதி செய்வது சுலபம். ஸ்டார்ட் ஆகாத நேரத்தில் சாவியை ஆன் மட்டும் செய்து காதைக் கொடுங்கள். பின் சீட் பக்கமிருந்து இரண்டு நொடி பம்ப் ரீங்காரம் வர வேண்டும். வரவில்லை என்றால் ரிலேதான் முதல் சந்தேகம். கழற்றி, பெட்டியைத் திறந்து, லென்ஸ் வைத்துப் பார்த்தால் பின்னைச் சுற்றி மயிரிழை வளையம் தெரியும். பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாகப் பற்றவைக்க வேண்டும். டி.வி. ரிப்பேர் செய்கிறவர் டீ குடிக்கும் நேரத்தில் முடித்துக் கொடுப்பார்.

உதிரிபாகம் எங்கே கிடைக்கும்?

மாருதிக்குக் கவலை இல்லை. மற்றவற்றுக்கு சென்னை புதுப்பேட்டை வரை போவதற்கு முன் உக்கடம் பழைய இரும்புக் கடைகளைப் பாருங்கள். கதவுக் கண்ணாடி, லைட், டோர் ஹேண்டில், டிரிம் போன்றவை அங்கேதான். அழகான பிளாஸ்டிக் டிரிம் கண்ணில் பட்டால் தேவை இல்லாவிட்டாலும் வாங்கி வையுங்கள். எஞ்ஜின் பாகம் செய்யலாம், உடைந்த டேஷ்போர்டு மூடியை யாரும் செய்து தர மாட்டார்கள்.

ஆனால் நம் ஊரின் உண்மையான பலம் கார் கடை இல்லை, பம்பு. தலைமுறை தலைமுறையாக மோட்டார் பம்பு செய்கிற ஊரில் பேரிங், ஆயில் சீல், மோட்டார் வைண்டிங் எல்லாம் காரின் பெயர் தெரியாமலே கிடைக்கும். "லான்சர் ஆல்டர்னேட்டர் பேரிங் இருக்குங்களா" என்று கேட்டால் கடைக்காரர் உதட்டைப் பிதுக்குவார். பேரிங்கைத் துடைத்து அதன் மேல் இருக்கும் எண்ணைச் சொல்லுங்கள். 6203 என்றால் உள்விட்டம் 17, வெளிவிட்டம் 40, கனம் 12 மில்லிமீட்டர். உலகம் முழுக்க அதே அளவு. பம்பில் போடுகிற அதே பேரிங் அலமாரியில் இருக்கும். எண் அழிந்திருந்தால் வெர்னியர் வைத்து அளந்து சொல்லலாம். ஆயில் சீலும் அப்படித்தான். ஒன்று மட்டும் ஜாக்கிரதை: பம்புக்குப் போடும் சாதாரணக் கறுப்பு நைட்ரில் சீல் கிராங்க்கின் சூட்டுக்குத் தாங்காது. சூடு தாங்குகிற 'விட்டான்' (Viton) ரப்பர் சீல் என்று கேட்டு வாங்குங்கள்.

ஸ்டார்ட்டர் மோட்டார் சுருள் கருகினால் வைண்டிங் பட்டறை, ஹெட் வளைந்தால் ஃபேசிங் (மேற்பரப்பைச் சீவிச் சமமாக்குவது), ஷாஃப்ட் தேய்ந்தால் லேத்து. கணபதி, பீளமேடு, சிட்கோ பக்கம் நடந்து போகிற தூரத்தில் எல்லாம் முடியும். ஹெட்டை ஃபேசிங் கொடுக்கும் முன் நேர்ப்பட்டை வைத்து ஃபீலர் கேஜ் விட்டுப் பாருங்கள். ஜென்னில் 0.05 மில்லிமீட்டர் தகடு உள்ளே நுழையவில்லை என்றால் ஃபேசிங் தேவையே இல்லை. "எதுக்கும் கொஞ்சம் எடுத்துருவோம்" என்பவரிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

டிங்கர், பெயிண்ட் வேலையை யாரிடம் கொடுப்பது? கரூரில் பஸ் பாடி கட்டுகிறார்களே, அவர்கள் செய்வார்களா?

கரூர் பஸ் பாடியும் நாமக்கல், திருச்செங்கோடு லாரி பாடியும் உலகத் தரம். ஆனால் அது புதிதாகக் கட்டுகிற கை. மெல்லிய ஜப்பான் தகரத்தை வெட்டி, அதே கனத்தில் ஒட்டு வைத்து, சூட்டில் நெளியாமல் வெல்டிங் செய்வது வேறு கை. வயதான டிங்கர் ஒருவரைத் தேடுங்கள். பட்டி டப்பாவை முதலில் எடுக்காமல் சுத்தியலையும் டாலியையும் (தகரத்துக்குப் பின்னால் தாங்கும் இரும்புக் கட்டை) எடுப்பவராக இருந்தால் அவர் எத்தனை நாள் கேட்டாலும் கொடுங்கள். அவசரப்படுத்தினால் பட்டிதான் ஏறும்.

பெயிண்டுக்கு ஆடி ஆகாது. பாலக்காட்டுக் கணவாய் வழியே வருகிற காற்றில் அம்மியே பறக்கும்போது திறந்த கொட்டகையில் அடித்த பெயிண்டில் தூசி ஒட்டாமல் என்ன செய்யும்? ஐப்பசி மழையில் ஈரம் பிடித்துப் பளபளப்பு மங்கும். தை, மாசி உத்தமம்.

20 சதவீதம் எத்தனால் கலந்த இ-20 பெட்ரோல் பழைய காரைக் கெடுக்கும் என்கிறார்களே?

தினமும் ஓடுகிற வண்டியை விட நிற்கிற வண்டிக்குத்தான் தொந்தரவு. எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரை ஊற வைக்கும், டேங்கில் துரு கிளப்பும். பெட்ரோல் ஹோஸ் எல்லாவற்றையும் எத்தனால் தாங்குகிற ரகமாக மாற்றுங்கள், கார்புரேட்டர் கிட்டைப் புதிதாகப் போடுங்கள், மாதக்கணக்கில் நிறுத்தப் போகிறீர்கள் என்றால் டேங்கையும் கார்புரேட்டரையும் காலி செய்யுங்கள். மைலேஜ் கொஞ்சம் குறையும். பொழுதுபோக்குக் காரில் அதைக் கணக்குப் பார்க்கிறவர் ஜாதகத்திலேயே இந்த ஆசை இருக்காது.

ஆர்.சி. முடிந்துவிட்டது. வின்டேஜ் நம்பர் வாங்கிவிடலாமா?

2021-ல் வந்த விதிப்படி வின்டேஜ் பதிவு 50 ஆண்டு கடந்த வண்டிகளுக்குத்தான். அதிலும் கண்காட்சி, ராலி போன்றவற்றுக்கு மட்டும் ஓட்டலாம். 1983 டிசம்பரில் வந்த முதல் மாருதி 800-க்கே இன்னும் அந்த வயது ஆகவில்லை.

நமக்கு உள்ள வழி சாதாரண எஃப்.சி. 15 ஆண்டு முடிந்ததும் ஆர்.டி.ஓ.விடம் வண்டியைக் காட்டி, பசுமை வரி கட்டி, ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். 2022-ல் காருக்கான கட்டணம் 5,000 ரூபாய் ஆனது; 2025 ஆகஸ்டில் 20 ஆண்டு கடந்த கார்களுக்கு 10,000 ஆக்கிவிட்டார்கள். வருடக் கணக்கில் பார்த்தால் ஒரு செட் டயரை விடக் குறைவு, புலம்பாமல் கட்டிவிடலாம்.

ஆர்.சி.யில் இருக்கும் எஞ்ஜின், சேசிஸ் எண்கள் வண்டியில் இருப்பவைதானா என்று வாங்கும் முன்பே ஒப்பிடுங்கள். விற்பவர் உயிரோடு இல்லை, வாரிசுகள் மூன்று பேர் என்றால் மூவரின் கையெழுத்தும் வரும் வரை அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

எஞ்ஜின் மாற்றலாமா? பெரிய சைலன்சர், வைடு பாடி கிட்?

மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை அம்சங்களை அனுமதி இல்லாமல் மாற்றக் கூடாது என்கிறது. அது சட்டம். என் ரசனையைக் கேட்டால், கம்பெனி வீல், கம்பெனி சீட் துணி, கம்பெனி பெயிண்ட் நிறத்தோடு நிற்கிற சிட்டி இன்று அபூர்வம்; கிட் போட்டது ஆயிரம் கிடைக்கும். நல்ல டயர், நல்ல டேம்பர், புதிய புஷ் இவ்வளவு போதும். ஒரிஜினல் பாகத்தைக் கழற்றினால் விற்காதீர்கள், மச்சில் போட்டு வையுங்கள்.

மொத்தம் எவ்வளவு செலவாகும்?

மனதில் ஒரு தொகை போட்டிருப்பீர்கள். அதை இரட்டிப்பாக்குங்கள். காரின் விலையை இதில் சேர்க்காதீர்கள்.

வீட்டில் அம்மணி ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார்.

முதல் சவாரிக்கு அவரைக் கூட்டிப் போங்கள், ஏசி வேலை செய்யட்டும். அதற்காகவே மற்ற வேலைக்கு முன் ஏசியைச் சரி செய்துவிடுங்கள்.

செய்து முடித்த பிறகு எங்கே ஓட்டுவது?

வேகம் பார்க்க வேண்டுமென்றால் ரோட்டில் வேண்டாம். செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. மாருதி 800 எஞ்ஜினை வைத்து ஃபார்முலா மாருதி ரேஸ் காரைக் கொண்டுவந்த கரிவர்தன் 1995-ல் விமான விபத்தில் இறந்தார், அவர் பெயரில் உள்ள டிராக். 2005-ல் இந்தியாவின் முதல் ஃபார்முலா ஒன் டிரைவரான நரேன் கார்த்திகேயனும் கோவைக்காரர். டிராக்கை ஆட்களுக்குத் திறந்துவிடும் நாட்களைக் கேட்டுக்கொண்டு போங்கள். ஹெல்மெட் கட்டாயம், பிரேக் ஃப்ளூயிட் புதிதாக இருக்கட்டும்.

மலைக்கு நமக்குப் பஞ்சமில்லை. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். பண்ணாரியிலிருந்து திம்பத்துக்கு 27. லாரிகள் நெருக்கும், இரவில் போக்குவரத்துத் தடையும் உண்டு. கொல்லிமலைக்கு 70. சின்ன ஜென்னுக்குக் கொல்லிமலை சொர்க்கம். செகண்ட் கியரை விட்டு இறங்கவே வேண்டியதில்லை. நீலகிரிக்கு இ-பாஸ் எடுத்துக்கொண்டு, கோத்தகிரி வழியாக விடியற்காலையில் ஏறிப் பாருங்கள். இறங்கும்போது பிரேக்கை மிதித்துக்கொண்டே வராதீர்கள். பழைய ஃப்ளூயிட் கொதித்தால் பெடல் தரை வரை போகும். ஏறிய கியரிலேயே இறங்குங்கள்.

மழை நாளில் வெளியே எடுக்க மனமில்லை என்றால் அவிநாசி சாலையில் ஜி.டி. நாயுடு குடும்பத்தார் நடத்தும் கார் அருங்காட்சியகத்துக்குப் போய் வரலாம். குழந்தைகளுக்கும் பிடிக்கும்.

இன்சூரன்ஸ் கம்பெனி பழைய வண்டிக்கு ஒன்றுமே மதிப்புப் போட மாட்டேன் என்கிறதே?

ஐந்து ஆண்டு தாண்டிய வண்டிக்குக் காப்பீட்டு மதிப்பு என்பது நீங்களும் கம்பெனியும் பேசி ஒத்துக்கொள்கிற தொகைதான். அதனால் பேச வேண்டும். செய்த வேலையின் பில்களையும் முன்பின் படங்களையும் ஒரு ஃபைலில் வைத்து, ஆன்லைனில் பட்டன் தட்டாமல் நேரில் போங்கள். சர்வேயர் வந்து பார்க்கட்டும் என்று கேளுங்கள். ஒரு கிளையில் முடியாது என்றால் அடுத்த கம்பெனி. அதுவும் முடியவில்லையா, தேர்டு பார்ட்டியையாவது ஒரு நாள் கூட விடாமல் வைத்திருங்கள். அது இல்லாமல் வண்டியைத் தெருவில் இறக்கக் கூடாது.